மருமகன் வாங்கப்போகும் சத்தம்

மருமகனே, வேனுக்கு எஞ்சின் மாத்திட்டன்னு எனக்கு யாரும் வந்து சொல்லல. சொல்லத் தேவையும் இல்ல. புகைப் பைப் பூட்டாம, வாயைத் திறந்து விட்டபடியே கராஜ் வாசல்ல ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தியாமே. மேல் லயத்துல ஒரு கிழவி, இடி இடிக்குதுன்னு காயப்போட்ட துணியெல்லாம் அள்ளிக்கிட்டு உள்ள ஓடிட்டா. நாவலப்பிட்டியில வெயில் அடிக்கிறதே வரம். அந்த வெயிலையும் அவகிட்ட இருந்து பறிச்சிட்ட. பரவால்ல, வாலிப வயசு.

உன் டொயோட்டா டொல்பின் வேன்ல இருந்த பழைய 3எல் எஞ்சினை இறக்கிப்போட்டு 1கேஇசட் ஏத்தியிருக்க. அது 2779 சிசி, இது 2982. கழிச்சுப் பார்த்தேன்: 203 சிசி. ஒரு பிளேன்டிக் கோப்பை அளவு. அந்தக் கோப்பைக்குத்தான் அம்புட்டு ஹயர்க்காசும் போச்சான்னு உங்கம்மா அழுறா. நான் சமாதானம் சொன்னேன்: "தங்கச்சி, கோப்பையைப் பார்க்காதே, அதோட டேர்போன்னு ஒண்ணு வருது." டேர்போன்னா என்னன்னு கேட்டா. வெளிய போற புகையையே ஒரு சின்னச் சக்கரத்துல மோத விட்டு, அந்தச் சக்கரத்தால வெளிக்காத்தை எஞ்சினுக்குள்ள அமுக்கி விடுறதுன்னு சொன்னேன். "புகைகிட்ட இருந்துகூட வேலை வாங்குறானுங்க, என் மகன்கிட்ட இருந்துதான் வாங்க முடியல"ன்னுட்டா. அதுக்கு மேல நான் வாய் திறக்கல.

எஞ்சின் மாத்தினதைக் குத்தம் சொல்ல நான் வரல. 2020 மார்ச்சுல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில. அந்த அஞ்சு வருசத்துல இந்த நாட்டுல ஒரு வேனையும் சாக விடல. எஞ்சின் போனா எஞ்சின், கியர்பொக்ஸ் போனா கியர்பொக்ஸ், பாடி உக்கினா டின்கரிங். கதவு திறந்த பிறகும் விலையைக் கேட்டுட்டுப் பழைய வேனைத் தடவிக் கொடுத்துட்டு வந்தவங்கதான் அதிகம். நீயும் அப்படித்தான். அது புத்தி. புத்தி முடிஞ்ச இடத்துலதான் இந்த பைப் விசயம் தொடங்குது.

மூணு இஞ்சி பைப், பின்னால மினுக்குற இரட்டை வாய், நடுவுல சைலன்சர்னு பேருக்கு ஒரு டப்பா. இதுதானே திட்டம்? நல்ல திட்டம். ஆனா ஏன் மூணு இஞ்சியோட நிப்பாட்டுற? கொத்மலை மின்நிலையத்துக்குத் தண்ணி போற சுரங்கத்துல மிச்சம் மீதி இருந்தா கேட்டுப்பாரு. வேனையே அதுக்குள்ள விட்டுடலாம்.

கோவிச்சுக்காதே, பாதி உன் பக்கம் நியாயம் இருக்கு. பழைய 3எல்லுக்கு நீ பெரிய பைப் போட்டிருந்தா கிடைச்சிருக்கிறது சத்தம் மட்டும்தான். இப்ப டேர்போ இருக்கு. சக்கரத்தைச் சுத்தி விட்ட புகை எவ்வளவு லேசா வெளிய போகுதோ, அவ்வளவு லேசா டேர்போ சுத்தும். மூணு லீட்டர் எஞ்சின் நிமிசத்துக்கு 3600 சுத்து சுத்தினா, டேர்போ அமுக்குறதைக் கணக்குல எடுக்காமலே 5400 லீட்டர் காத்தை உள்ள இழுக்குது. அது சூடாகி, சில மடங்கு ஊதி, வெளிய வரணும். அதைப் பழைய பைப்புல நெருக்கி அனுப்பினா எஞ்சின் மூச்சு முட்டும், சரிதான். அதுக்கு ரெண்டரை இஞ்சி போதும். ரெண்டு இஞ்சியை ரெண்டரை ஆக்கினாலே வாய் 56 வீதம் விரியுது. கதிரேசன் கொலேஜ்ல படிச்சவன்தானே, வட்டத்தோட பரப்பு போட்டுப் பாரு. மூணு இஞ்சி பைப்பை வேனுக்கு அடியில எங்க கொண்டு போவ? அங்க ஏற்கெனவே புரொப்பல்லர் ஷாஃப்ட் இருக்கு, டீசல் டாங்கி இருக்கு, ஸ்பெயார் வீல் தொங்குது, பிரேக் பைப் ஓடுது. எல்லாத்தையும் சுத்திப் போகணும்னா எட்டு வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் பைப்பை நசுக்கி வளைப்பான். ரொம்ப நசுங்கினா மூணு இஞ்சி, நேரான ரெண்டரையை விடச் சின்னதாயிடவும் கூடும். அதுக்கும் மூணு இஞ்சிக் காசுதான். வளைக்கிறதா இருந்தா, நசுங்காம உள்ள மெண்ட்ரல் போட்டு வளைச்ச துண்டு வாங்கு. இல்லாட்டி மணல் அடைச்சுச் சூடாக்கி வளைக்கத் தெரிஞ்ச பாஸ் யாராவது மிச்சம் இருந்தா அவர் வெத்திலைக்குக் காசு கொண்டு போ.

வாய் எவ்வளவு இருக்கணும்னு இந்த ஊருக்குப் புதுசா யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. 1874ல நாவலப்பிட்டிக்கு ரயில் வந்துச்சு. ஹட்டனுக்கு ஏற இன்னும் பத்து வருசம், 1884. நடுவுல உள்ள ஏத்தம் 44 அடிக்கு ஒரு அடி. எங்கப்பா ரன்னிங் ஷெட்டுல ஃபயர்மேன். கரி அள்ளிப் போட்டதுல கை காய்ச்சுப்போன மனுசன். அவர் சொல்லுவார்: சிலிண்டர்ல வேலை முடிச்ச நீராவியை வெள்ளைக்காரன் சும்மா வெளிய விடல. புகைபோக்கிக்கு நேர் கீழ ஒரு ஒடுக்கமான வாய் வச்சு அது வழியா விட்டான். நீராவி சீறிக்கிட்டு மேல போறப்ப அடுப்புப் புகையையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும். அடுப்பு தானா எரியும். 1829ல ஸ்டீஃபன்சன் ஓட்டின ரொக்கெட் எஞ்சின்லயும் அந்த ஏற்பாடுதான். வாய் ஒடுங்கினா சிலிண்டர்ல நீராவி அடைச்சு நிக்கும், அகண்டுட்டா நெருப்பு சோம்பிப்போகும். அதனால அந்த வாயை அளவுகோல் வச்சு வெட்டினான். உன் கூட்டாளிகள் ஃபேஸ்புக் பார்த்து வெட்டச் சொல்றாங்க. காலம் மாறிப்போச்சு.

இன்னொண்ணு சொல்றேன், காதுல போடு. நீ ஏத்தின அதே எஞ்சினை டொயோட்டாக்காரனே இந்த டொல்பின் வடிவத்துல பூட்டி வித்திருக்கான். சேசி நம்பர் கேஇசட்எச்னு தொடங்கும். அந்த வேனுக்கு டேர்போ வாயில இருந்து பின் பம்பர் வரைக்கும் பைப் எப்படிப் போகணும்னு ஜப்பான்ல ஒருத்தன் தூக்கம் கெட்டுக் கணக்குப் போட்டிருக்கான். கொழும்பு பஞ்சிகாவத்தையில அந்தப் பைப்பைக் கேட்டுப் பார்த்தியா? கேட்டிருக்க மாட்ட. கேட்டா கிடைச்சிடுமே, கிடைச்சா வெட்டி ஒட்டுற பெருமை போயிடுமே. உன் எஞ்சின் ஜீப்புல இருந்து இறக்கினதுன்னா டேர்போ வாய் ஜீப்புக்குத் தோதா திரும்பியிருக்கலாம், அந்த முதல் துண்டை மட்டும் செய்ய வேண்டி வரும். மிச்சத்துக்கு அளவு ரெடியா இருக்கு. ஆனா நீ முழுசாவே செய்யி. வெல்டிங் பாஸுக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல.

சரி, செய்யத்தான் போற. பைப்பை எப்படித் தொங்கவிடப் போற? சேசியில இரும்புத் துண்டு வச்சு நேரா வெல்டிங் அடிச்சிட்டா ஆடாதுன்னு யாரோ சொன்னானாம். ஆடாது, உண்மை. உடையும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல உக்கார்ந்திருக்கு. நீ அக்சிலேட்டரை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் அது ஒரு பக்கமாச் சாயும். அது மட்டுமா, கினிகத்தேனை ஏத்தத்துல லோட்டோட போறப்ப டேர்போவுக்கு முன்னால புகையோட சூடு 600 பாகையைத் தாண்டலாம். இரும்பு சூடானா நீளும். மூணு மீற்றர் பைப் 300 பாகை கூடுதலா சூடானா கிட்டத்தட்ட 11 மில்லிமீற்றர் வளருது. அந்த 11 மில்லிமீற்றர் எங்கயாவது போகணும். ரப்பர்ல தொங்கினா ரப்பர் இடம் கொடுக்கும். வெல்டிங்ல நின்னா ஏதாவது ஒரு மூட்டு வெடிக்கும், இல்லாட்டி பைப்போட பாரம் முழுக்க டேர்போ மேல வந்து அதோட வாய் பிளக்கும். டேர்போவுக்குப் பக்கத்துலயே ஒரு ஃப்ளெக்ஸிபிள் துண்டு, அதுக்கு அடுத்து கியர்பொக்ஸ்ல இருந்து ஒரு தாங்கல், பிறகு ரப்பர் ரப்பரா வால் வரைக்கும். ஃப்ளெக்ஸிபிள் விலை கூடன்னு விட்டுட்டியாம். இரட்டை வாய் குரோம் மட்டும் விலை குறைவா கிடைச்சுதா?

இனி நான் கொஞ்சம் மெதுவாப் பேசப்போறேன். டொல்பின்ல எஞ்சின் எங்க இருக்கு? முன்சீட்டுக்கு அடியில. உனக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஒரு மூடியும், பழசான ரப்பர் பீடிங்கும்தான் இருக்கு. அந்த மூடியை எஞ்சின் மாத்துறப்ப கழட்டின பாஸ், திருப்பிப் பூட்டுறப்ப நாலு ஆணியில ரெண்டைத்தான் பூட்டியிருப்பார். மிச்சம் ரெண்டு ஆஷ்ட்ரேயில கிடக்கும், போய்ப் பாரு. மேனிபோல்டு கெஸ்கட் ஒரு இடத்துல ஊதினா, டேர்போ மூட்டுல ஒரு நூல் கசிஞ்சா, அது ரோட்டுக்கு வராது, மேல வரும். காலையில ஆறரைக்கு நீ ஏத்துறது யாரை? பள்ளிக்கூடப் பிள்ளைகளை. மழைக்குக் கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டிருப்ப. டீசல்ல காபன் மொனொக்சைட் பெற்றோலை விடக் குறைவுதான், இல்லைன்னு இல்ல. அதுக்கு மணமும் இல்ல, நிறமும் இல்ல. இரத்தத்துல ஒட்சிசன் பிடிக்கிற இடத்தை ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா அது பிடிச்சுக்கும். தலையிடிக்கும், கொட்டாவி வரும், குமட்டும். "என் வேன்ல ஏறினா பிள்ளைகள் சத்தமில்லாம தூங்கிடுதுகள் மாமா"ன்னு பெருமை பேசினியே, அன்னைக்கு நான் சிரிக்கல. மிச்சப் புகைக்கும் நற்சான்றிதழ் இல்ல: உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல டீசல் புகையை மனுசருக்குப் புற்றுநோய் தரும்னு நிச்சயமான பொருட்களோட பட்டியல்ல போட்டிருக்கு.

வால் எந்தப் பக்கம்? இடப்பக்கம், கதவுக்குப் பின்னால, சைடுல எட்டிப்பார்க்கிற மாதிரி ஸ்போர்ட்ஸா இருக்கட்டும்னியாம். அடேயப்பா. நம்ம நாட்டுல வேன் கதவு இடப்பக்கம். பிள்ளைகள் வரிசையா நிக்கிறது இடப்பக்கம். புத்தகப்பை தூக்கிக் கொடுக்கிற அம்மா நிக்கிறதும் அங்கதான். அவங்க எல்லார் முழங்காலுக்கும் சரியா ஊதுற மாதிரி வைக்க உனக்கு மட்டும்தான் தோணும். ஏழு வயசுப் பிள்ளைக்கு முழங்கால்ல ஊதினா மூக்குக்கு எவ்வளவு தூரம்? பின்னால, பம்பரைத் தாண்டி, வலப்பக்கமாத் திரும்பட்டும். வாய் பாடிக்கு உள்ளயே நின்னுடக் கூடாது. ஓடுற வேனுக்குப் பின்னால காத்து சுழண்டு உள்ளுக்குத்தான் இழுக்கும். பின்கதவைக் கயித்தால கட்டித் திறந்து வச்சு மூங்கில் ஏத்திக்கிட்டுப் போறது உன் வழக்கம்னு எனக்குத் தெரியும், அன்னைக்கு நீ உன் புகையை நீயே குடிக்கிற.

பிரேக் பைப்புக்கும் டீசல் லைனுக்கும் பக்கத்துல போற இடத்துல தகட்டுத் தடுப்பு வை. அதை நான் விளக்கத் தேவையில்ல, ஹட்டன்ல இருந்து இறங்குறப்ப பிரேக் எண்ணெய் கொதிச்சா அதுவே விளக்கிடும்.

சத்தத்துக்கு வருவோம், உனக்குப் பிரியமான இடம். சத்தம் கூடினா பலம் கூடுதுன்னு நீ நம்புற. சைலன்சர் இல்லாத உன் எஞ்சின் சத்தமா வெளிய விடுற சக்தி அத்தனையையும் பிடிச்சுச் சேர்த்தாலும் வேனோட ஒத்தை ஹெட்லைட்டை எரிக்கப் பத்தாது. கிழவி துணி காயாமப் போனது ஒண்ணுதான் பலன். உலகத்துலயே தானா இயங்குற மெசின் கன்னை முதல்ல செய்தவர் ஹைராம் மாக்சிம், 1884ல. துப்பாக்கிச் சத்தத்தையே கேட்டுக் கேட்டு அந்த மனுசனுக்குக் காது அடைச்சுப் போச்சு. அவர் மகன் ஹைராம் பேர்சி மாக்சிம் என்ன செய்தார் தெரியுமா? துப்பாக்கிக்குச் சத்தம் அடக்குற குழாய் செய்தார், 1909ல அதுக்குக் காப்புரிமையும் வாங்கினார். வாகன எஞ்சினுக்கும் சைலன்சர் செய்தார். செவிட்டு அப்பனைப் பார்த்து மகன் படிச்சுக்கிட்டான் போல. உனக்கு மாமன் காதும் நல்லாத்தான் கேக்குது, யாரைப் பார்த்துப் படிப்ப?

நேர்ப் பைப்பைத் துளை போட்டு, சுத்திப் பஞ்சு அடைச்ச சைலன்சர்தான் வேணும்னு நிக்கிறியாம். டீசல் கரியும் தண்ணியும் சேர்ந்தா அந்தப் பஞ்சு கொஞ்ச காலத்துல களியாகும். பிறகு வெறும் டப்பாதான் கத்தும். உள்ளுக்கு அறை அறையாப் பிரிச்சது பாரமா இருந்தாலும் உழைக்கும். கத்துறதாவது பரவால்ல, முனகல் ஒண்ணு இருக்கு. நாலு சிலிண்டர் எஞ்சின் 2000 சுத்துல நிமிசத்துக்கு 4000 வெடி வெடிக்குது; செக்கனுக்கு 66க்கு மேல. வேன் கூரைத் தகடு அந்தத் தாளத்துக்குச் சேர்ந்து அதிர ஆரம்பிச்சா, மலை சீசன்ல நல்லதண்ணிக்கு ஏத்திக்கிட்டுப் போற சனம் சிவனொளிபாதத்தைக் கும்பிடுறதுக்கு முன்னாலயே உன்னைத் திட்டிப் பாவம் தேடிக்கும். அடுத்த போயாவுக்கு வேற வேன் பிடிக்கும்.

வட்டவளை மழையைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? மேல இருந்து வர்ற தண்ணிக்குத்தான் எல்லாரும் பயப்படுறீங்க. ஒரு லீட்டர் டீசல் எரிஞ்சா அதுக்குள்ள இருந்தே கிட்டத்தட்ட ஒரு லீட்டர் தண்ணி ஆவியா வருது. தூரப் பயணம்னா அப்படியே பறந்துடும். பள்ளிக்கூட ஓட்டம், சந்தை ஓட்டம்னு கிட்டக் கிட்டப் போறப்ப சைலன்சர் சூடாகுறதுக்குள்ள நிப்பாட்டிடுவ. தண்ணி உள்ளயே தேங்கும், டீசல்ல உள்ள கந்தகத்தோட சேர்ந்து புளிச்சு, உள்ள இருந்து தின்னும். வெளிய பெயின்ட் மினுக்கும், தட்டிப் பார்த்தா பொத்து விழும். சைலன்சரோட ஆகத் தாழ்ந்த இடத்துல மூணு மில்லிமீற்றர் துளை ஒண்ணு போடச் சொல்லு. பாஸ் சிரிப்பார். போடச் சொல்லு. கறுப்புப் பைப் மலிவுதான். 409 ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் கூட, நாள் பிடிக்கும். 304 இன்னும் மினுக்கும், சூட்டுல சாதா இரும்பை விடக் கூடுதலா நீளவும் செய்யும், ரப்பரை அதுக்கேத்த மாதிரி வை.

சட்டமும் ஒரு மூலையில உக்கார்ந்திருக்கு. 2008ல இருந்து வருசா வருசம் புகைச் சோதனை. அந்தச் சான்றிதழ் இல்லாம பஸ்பாகே கோரளைப் பிரதேச செயலகத்துல வருமான உத்தரவுப்பத்திரம் கிடைக்காது. டீசலுக்கு நிறுத்தி வச்சு அக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சு, புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்குதுன்னு மெசின் பார்க்கும். இரட்டை வாய் வச்சுக்கிட்டுப் போனா மெசின் குழாயை எதுக்குள்ள விடுறதுன்னு சோதனை பார்க்கிற பையன் தலையைச் சொறிவான். மிதிக்கிறதுக்கு முன்னால டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு உனக்குத் தெரியுமா? பாவிச்ச எஞ்சின், யார் ஓட்டினதோ. சோதனைக்குப் போய்ப் பெல்ட் அறுத்துக்கிட்டு வந்தவங்க கதை கராஜ்ல நிறையக் கிடைக்கும். பொலிசும் 2025 தொடக்கத்துல இருந்து கிளீன் ஸ்ரீலங்கான்னு, கத்துற சைலன்சரையும் கூவுற ஹோர்னையும் கழட்ட வச்சுக்கிட்டுத் திரியுது. வேனோட பதிவுச் சான்றிதழ், அந்த சிஆர் புக்ல எஞ்சின் நம்பர் இன்னும் பழையதுதானே? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல மாத்து, எஞ்சின் வாங்கின பில்லை வீட்டுல பத்திரமா வை. உங்கம்மாகிட்ட கொடு, உன்கிட்ட வேணாம்.

பூட்டி முடிச்சா எஞ்சின் ஆறியிருக்கிறப்பவே ஸ்டார்ட் பண்ணி, வால் வாயைப் பழைய துணியால கொஞ்ச நேரம் பாதி அடைச்சுப் பிடிச்சுக்கிட்டு, மூட்டு மூட்டா சவுக்காரத் தண்ணி பூசு. நுரை முட்டை வந்தா ஊதுது. ரெண்டு கிழமை ஓடின பிறகு அடியில படுத்துப் பாரு. மூட்டுல கறுப்புக் கோடு விழுந்திருந்தா அங்கயும் ஊதுது. உனக்குப் படுக்கச் சோம்பலா இருந்தா என்னைக் கூப்பிடு, நான் எப்படியும் அதிக நேரம் படுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

இதெல்லாம் சொல்லிட்டு நான் ஒரு காசும் கேக்கல. குரோம் வாய்க்குன்னு ஒதுக்கி வச்சிருக்கிற காசை மட்டும் இப்படிக் கொடு. வெள்ளிக்கிழமை கண்டிக்குப் போறேன்; ஃப்ளெக்ஸிபிளும் ரப்பரும் கெஸ்கட்டும் நானே பார்த்து வாங்கிட்டு வர்றேன். மிச்சக் காசு கேக்காதே. மிஞ்சாது.